ஹெலி-ஸ்கீயிங்குக்கு எந்தப் பலகை? மாறிக்கொண்டே இருக்கும் பனியில் இறங்கப்போகிறவர்களின் கேள்விகள்

ரிசார்ட்டில், இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த சரிவுகளில் நன்றாகச் சறுக்கத் தெரிந்து, முதன்முறையாக ஹெலிகாப்டரில் ஏறி மலைமுகட்டுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்கவில்லை. இதில் ‘பலகை’ என்பது ஸ்கீ, ‘பூட்’ என்பது அதில் மாட்டும் காலணி. பலகையின் ‘இடுப்பு’ என்பது அதன் நடுவில், பூட்டுக்குக் கீழே, அகலம் மிகக் குறைந்த இடத்தைக் குறிக்கும். முன்முனை நுனி, பின்முனை வால்.

ஹெலி-ஸ்கீயிங் என்றாலே மார்பளவு பவுடர், அதாவது இறுகாத மென்பனிதானே? கடையில் இருப்பதிலேயே அகலமான பலகையை எடுத்துக்கொண்டு போனால் போதாதா?

விளம்பரப் படங்களில் எப்போதும் மார்பளவு பனி பறக்கும். அப்படிப்பட்ட நாளும் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே இறக்கத்துக்குள் என்னென்ன எதிர்ப்படும் என்று பாருங்கள். ஹெலிகாப்டர் உங்களை இறக்கிவிடும் முகடு பெரும்பாலும் காற்று வழித்துவிட்ட இடம்; பனி தரைபோல் இறுகிக் கிடக்கும். நூறு மீட்டர் கீழே, காற்று எட்டாத குழிவில் நல்ல பவுடர். இன்னும் கீழே, வெயில் பட்ட பக்கத்தில் பொருக்கு தட்டியிருக்கும். உங்களை மறுபடி ஏற்றிக்கொள்ளும் அடிவாரத்தில், அதுவும் பிற்பகல் என்றால், ஈரம் ஏறிக் கனத்த பனி. 600 முதல் 1000 மீட்டர் உயரம் இறங்கும் ஓர் ஓட்டத்தில் இந்த நான்கும் வந்துபோவது அதிசயமே இல்லை.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. கைடு சரிவைத் தேர்ந்தெடுப்பது முதலில் பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்து. பனியின் சுவை அதற்கு அடுத்துதான். ஆழமான பவுடர் கிடக்கும் செங்குத்துச் சரிவுக்குள் பலவீனமான அடுக்கு புதைந்திருந்தால் அங்கே போகமாட்டார். இரவு உறைந்து இறுகிய, பார்க்க அழகில்லாத சரிவுதான் அன்று காலையில் பாதுகாப்பானதாக இருக்கும். அங்கேதான் உங்களை இறக்குவார். இறக்கவும் வேண்டும்.

ஆழ்ந்த பவுடர் ஏறக்குறைய எல்லா அகலப் பலகையையும் மன்னித்துவிடும். பலகையின் குணம் வெளிப்படுவது மோசமான பனியில். ஆகவே நாளின் சிறந்த 500 மீட்டரை நினைத்துப் பலகை எடுக்காதீர்கள். மோசமான 200 மீட்டரை நினைத்து எடுங்கள். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

அப்படியானால் இடுப்பு எத்தனை மில்லிமீட்டர்?

பெரும்பாலானவர்களுக்கு 106 முதல் 116 வரை. ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால் 110 என்பேன்.

அகலம் ஏன் உதவுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. உடைகள், பூட், முதுகுப்பை எல்லாம் சேர்த்து ஒருவர் 85 கிலோ என்று வையுங்கள். 180 செ.மீ. நீளமும், நுனி முதல் வால் வரை சராசரியாக 90 மி.மீ. அகலமும் கொண்ட ரிசார்ட் பலகை இரண்டின் பரப்பு சுமார் 3,240 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 26 கிராம் அழுத்தம். அதே நீளத்தில் இடுப்பு 115 மி.மீ. கொண்ட பலகைக்குச் சராசரி அகலம் 125 மி.மீ. வாக்கில் வரும்; பரப்பு 4,500 சதுர செ.மீ., அழுத்தம் 19 கிராம். கால்பங்குக்கும் மேல் குறைகிறது. மிதப்பின் பெரும்பகுதி இவ்வளவுதான். மீதி வேகத்தாலும் நுனியின் வளைவாலும் வருவது.

115-ஐத் தாண்டி 125, 130 என்று போகும்போது மிதப்பில் கிடைக்கும் கூடுதல் லாபம் சுருங்கிக்கொண்டே வரும், இறுகிய பனியில் தொல்லை ஏறிக்கொண்டே போகும். காரணம் எளிது. சரிவில் விளிம்பை ஊன்றும்போது, அந்த விளிம்பு உங்கள் காலெலும்பின் நேர்கீழே இல்லாமல் வெளியே தள்ளி இருக்கிறது. பலகை எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளமான நெம்புகோல் உங்கள் முழங்காலைத் திருகுகிறது. ஒரு நாளில் எட்டு, பத்து ஓட்டம் இறங்கும் பயணத்தில் நாலாம் நாள் மாலை அந்த முழங்காலே உங்களிடம் கணக்குக் கேட்கும்.

மறுபக்கம், 95-க்குக் கீழே போவதும் வேண்டாம். அதில் சறுக்க முடியும். ஹெலி-ஸ்கீயிங் தொடங்கிய காலத்தில் எல்லாரும் அதைவிடக் குறுகிய பலகைகளில்தான் இறங்கினார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் குதித்துத் தவித்தார்கள்.

ராக்கர், கேம்பர் என்கிறார்களே, வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு பலகைகளின் அடிப்பாகத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர்: பலகை வில்போல் நடுவில் மேலெழும்பியிருக்கிறது. நீங்கள் ஏறி நின்றதும் அந்த வில் தட்டையாகி, விளிம்பு முழுநீளத்துக்கும் பனியை அழுத்தும். இறுகிய பனியில் பிடி கிடைப்பது இதனால்தான். நுனிப்பக்கம் முன்கூட்டியே விரிந்து விலகினால் அது ராக்கர்: படகின் முன்பகுதிபோல் எழும்பியிருக்கும். பவுடரில் நுனி புதையாமல் மேலே வர அதுவே காரணம்.

இதன் கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். ஆஸ்திரியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய மலை வழிகாட்டி ஹான்ஸ் க்மோசர் 1965-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பகபூ மலைகளில் வணிக ரீதியான ஹெலி-ஸ்கீயிங்கைத் தொடங்கினார். அப்போதைய பலகைகள் இரண்டு மீட்டர் நீளம், ஒல்லி இடுப்பு, முழு கேம்பர். 1980-களின் இறுதியில் அட்டாமிக் நிறுவனம் கொண்டுவந்த ‘பவுடர் பிளஸ்’ என்ற அகலப் பலகையை ஹெலி-ஸ்கீயிங் வாடிக்கையாளர்கள்தான் முதலில் விரும்பி எடுத்தார்கள். வல்லுநர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஷேன் மெக்கான்கி என்ற சறுக்குவீரர் தண்ணீர்ச் சறுக்குப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு அலாஸ்காவின் பனியில் இறங்கிப் பார்த்தார். ஆழ்பனி தரையைவிடத் தண்ணீருக்குத்தான் நெருக்கம் என்பது அவர் வாதம். 2000-களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பாட்டுலா’ அதிலிருந்து பிறந்தது: நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்து, நடுவில்தான் அகலம் அதிகம். வழக்கத்துக்கு நேர்த் தலைகீழ். பவுடரில் அற்புதம், இறுகிய பனியில் சோப்புக்கட்டியின் மேல் நிற்பதுபோல்.

இன்றைய நல்ல பலகைகள் இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம். நுனியில் தாராளமான ராக்கர், பூட்டுக்குக் கீழே 2 முதல் 4 மி.மீ. வரை கேம்பர், வாலில் கொஞ்சம் ராக்கர். மாறும் பனிக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. நுனிமுதல் வால்வரை முழு ராக்கர் உள்ள பலகையை ‘ஹெலி’ என்று பெயரொட்டி விற்றாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். உச்சியில் அந்த இறுகிய நூறு மீட்டரை அதில்தான் கடக்க வேண்டும்.

நீளம்? ரிசார்ட்டில் 168 செ.மீ. எடுக்கிறேன்.

5 முதல் 10 செ.மீ. வரை கூட்டுங்கள். நுனியும் வாலும் மேலெழும்பி இருப்பதால், இறுகிய பனியில் உண்மையாகத் தரைதொடும் நீளம் குறைவு. அளவுநாடா சொல்வதைவிடப் பலகை குட்டையாகவே நடந்துகொள்ளும். உங்கள் உயரத்தை ஒட்டியோ, நெற்றியளவுக்கோ வருவது பெரும்பாலும் சரி.

உயரத்தைவிட எடைதான் முக்கியம். 52 கிலோ உள்ளவருக்கு 100 முதல் 106 வரையான இடுப்பிலேயே, 95 கிலோ உள்ளவர் 116-இல் மிதப்பதுபோல் மிதக்க முடியும். எடை குறைந்தவர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், ‘ஹெலிக்கு எல்லாரும் 115 எடுக்கிறார்கள்’ என்று சொல்லித் தலையில் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். அடர்ந்த மரங்களுக்கு இடையே இறங்கும் பயணம் என்றால் நீளத்தைக் கூட்டாமலே விடலாம்.

லேசான பலகை நல்லதா, கனமானதா?

அகலத்தைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் இதை ஒருவர்தான் கேட்கிறார். எனக்கோ அகலத்தைவிட இதுதான் பெரிய கேள்வி.

ஏறிச்சென்று சறுக்கும் டூரிங் பலகைகள் ஒன்று 1,400 முதல் 1,700 கிராம் வரை இருக்கும். மேலே ஏற்றிவிட ஹெலிகாப்டர் இருக்கும்போது அந்த லேசான எடைக்கு வேலை இல்லை. மாறாக, அது உங்களைத் தொந்தரவு செய்யும். காற்றடித்து வரிவரியாக இறுகிய பனியில் லேசான பலகை ஒவ்வொரு வரியிலும் துள்ளும். பலர் தடம்போட்டுப் பிய்த்துவிட்ட பவுடரில் கட்டிகள் மோதி நுனி அலையும். 1,900 முதல் 2,250 கிராம் வரை கனம் உள்ள பலகை அவற்றை ஊடறுத்துக்கொண்டு போகும். மாறும் பனியில் நிதானம் என்பதில் பாதி, பலகையின் எடைதான்.

கனம் வேறு, விறைப்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் மரத்துக்கு மேலும் கீழும் முழு நீளத்துக்கு டைட்டனல் தகடு பதித்த பலகை விறைப்பாக இருக்கும். (பெயரில் டைட்டானியம் ஒலித்தாலும் அது அலுமினியக் கலவை.) வேகமாக, நீண்ட திருப்பங்களில் போகிறவருக்கு அது தங்கம். மெதுவாக, சிறு திருப்பங்களில் இறங்குகிறவருக்கு ஆழ்பனியில் அதே பலகை வளைய மறுத்து நுனியைப் புதைத்துவிடும். டைட்டனல் இல்லாமலோ, பூட்டுக்குக் கீழே மட்டும் ஒரு தகடு வைத்தோ, பாப்ளர், ஆஷ், மேப்பிள் போன்ற மரங்களால் நல்ல எடையில் செய்த பலகைகள் இருக்கின்றன. நடுத்தரத் திறமை உள்ளவர்களுக்கு அவற்றைத்தான் சொல்வேன். கையால் பார்க்க வேண்டுமானால் நுனியைப் பிடித்து இழுங்கள்: நுனி இணங்கி வளைய வேண்டும், நடுப்பகுதி இடம் கொடுக்கக் கூடாது, வால் நுனியைவிடச் சற்று விறைப்பாக இருக்க வேண்டும்.

கார்பன் இழை நிறையச் சேர்த்து எடையைக் குறைத்தவை துடிப்பானவை, ஆனால் இறுகிய பனியில் அதிர்வை நேராகக் காலுக்கு அனுப்பிவிடுகின்றன. ஹெலி பயணத்துக்கு நான் தவிர்ப்பேன்.

பக்க வளைவு எவ்வளவு இருக்கலாம்?

பலகையின் பக்கவாட்டு வளைவை வட்டமாக நீட்டினால் வரும் ஆரத்தை, பலகையின் மேலேயே மீட்டரில் அச்சடித்திருப்பார்கள். 18 முதல் 24 வரை நல்லது. 14, 15 என்றால் பலகை தானாகவே திரும்பத் துடிக்கும். ரிசார்ட்டில் அது சுகம், பொருக்குப் பனியில் நுனி சிக்கி இழுத்துக்கொண்டு போகும். நுனியின் அகலமான இடம் முனையிலிருந்து சற்றுப் பின்தள்ளி, முனை கூம்பியிருந்தால் அந்தச் சிக்கல் இன்னும் குறையும்.

‘மாறும் பனி’ என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். எந்தப் பனி பலகையை என்ன செய்யும்?

புதுப்பனி, காற்று படாதது: பருமனில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் நீர், மற்றதெல்லாம் காற்று. இதில் பலகை மூழ்கி மிதந்து எழும். எதை மாட்டிக்கொண்டாலும் மகிழ்ச்சிதான். அடுத்ததற்குப் போவோம்.

காற்றடித்த பனி: காற்று பனித்துகள்களை உருட்டி உடைத்து, மறுபக்கச் சரிவில் நெருக்கி அடுக்குகிறது. தொட்டால் வெண்கட்டிபோல் இருக்கும். சீராகப் படிந்திருந்தால் சறுக்குவதற்கு உண்மையில் மிக நல்ல பனி. அகலப் பலகை அதன் மேலேயே ஓடும். ஆனால் பனிச்சரிவாகப் பெயர்ந்து வருவதில் முதலிடமும் இதற்குத்தான். கைடு நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். காற்று அரித்து அலையலையாகச் செதுக்கியதைச் சாஸ்த்ருகி என்பார்கள். அதில் கனமான பலகையும் தளர்ந்த முழங்காலும்தான் துணை.

உடையும் பொருக்கு: எல்லாரும் வெறுப்பது. வெயிலோ காற்றோ மழையோ மேல்பரப்பை ஓடாக்கிவிட்டது, அடியில் மென்பனி. ஓடு உங்களைத் தாங்கும், தாங்கும், பிறகு திருப்பத்தின் நடுவில் திடீரென்று உடையும். பலகை உள்ளே இறங்கியதும் ஓட்டின் ஓரம் பூட்டுக்கு மேலே வந்து பூட்டிக்கொள்ளும். பலகையைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாது. முழங்கால் திருகிக்கொள்வது இங்கேதான். அகலம் இங்கே நிஜமாகவே உதவும், ஏனென்றால் அழுத்தம் பரவுவதால் ஓடு உடையாமல் தாங்க வாய்ப்பு அதிகம். உடைந்த பிறகு உதவுவது நுனியின் ராக்கரும் கூம்பிய முனையும். வாலும் சற்று மேலெழும்பியிருந்தால் திருப்பத்தின் முடிவில் பலகையை விடுவித்துக்கொள்ளலாம். தட்டையான, விறைப்பான வால் இந்தப் பனியில் ஆணி அடித்ததுபோல் நிற்கும்.

உறைந்து உருகும் வசந்தகாலப் பனி: இரவில் உறைந்து பாறையாகும், காலை வெயிலில் மேலே ஓரிரு செ.மீ. இளகிப் பருக்கைப் பருக்கையாக நிற்கும். இதைக் கார்ன் என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சறுக்கலைப் பவுடரைவிட மேலாக மதிக்கிறவர்கள் உண்டு, நான் அவர்களில் ஒருவன். கொஞ்சம் முந்தினால் பல் கிட்டிக்கும் பனிக்கட்டி, கொஞ்சம் பிந்தினால் முழங்கால்வரை சேறு. இதற்கு 100 மி.மீ. இடுப்பே தாராளம், கூரான விளிம்புதான் வேண்டும்.

ஈரப்பனி: பலகையை அடியிலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். குற்றவாளி பெரும்பாலும் பலகையின் வடிவம் இல்லை, மெழுகும் அடித்தளமும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்றவர்கள் தடம்போட்ட பவுடர்: ஹெலி-ஸ்கீயிங்கில் இது வராது என்று நினைப்பார்கள். குழுவில் பத்துப் பேர், ஒரே குறுகலான வாய்க்கால், நீங்கள் எட்டாவது ஆள். வரும்.

போகும் இடத்தையும் மாதத்தையும் பொறுத்துப் பலகை மாறுமா?

மாறும், ஆனால் நாட்டின் பெயரைவிடச் சரிவு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பது முக்கியம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்நாட்டு மலைகளில் ஜனவரி, பிப்ரவரி என்றால் மரங்களுக்கிடையே ஆழ்ந்த பனி அதிகம். 112 முதல் 116 வரை போகலாம், சுலபமாகத் திரும்பும் பலகையாக இருக்கட்டும். அலாஸ்காவின் சுகாச் மலைகளில் ஹெலி பருவம் பிப்ரவரி கடைசியிலிருந்து வசந்தம்வரை. கடலோரப் பனி ஈரப்பசையோடு விழுந்து செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொள்ளும். மரம் இல்லாத பெருஞ்சரிவுகள், வேகம் அதிகம். நீளமும் விறைப்பும் கூடிய பலகை அங்கே அர்த்தமுள்ளது. இமயமலைபோல் நிலநடுக்கோட்டுக்குச் சற்று நெருங்கிய இடங்களில் வெயில் உறைப்பு. தெற்கு பார்த்த சரிவு பனி விழுந்த மறுநாளே பொருக்கு தட்டிவிடும், வடக்கு பார்த்த சரிவோ பல நாள் உலர்ந்த பவுடரை வைத்திருக்கும். நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர்வரை போகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரட்டிக்கொள்ளுங்கள்: அங்கே நிழல்பக்கம் தெற்கு.

மார்ச் பாதிக்குப் பிறகு வடகோளத்தில் எங்கே போனாலும் ஒரு படி குறுகிய பலகையை யோசிக்கலாம்.

சொந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகவா, அங்கேயே கொடுப்பதை எடுத்துக்கொள்ளவா?

பல ஹெலி நிறுவனங்கள் பயணக் கட்டணத்திலேயே பலகையைச் சேர்த்துவிடுகின்றன; அந்த மலைக்கு எது சரிவரும் என்று பல பருவங்களாகப் பார்த்துச் சேர்த்த பலகைகள் அவை. காலையில் ஒன்று, மதியம் வேறொன்று என்று மாற்றிக்கொள்ளலாம். பாறையில் உரசிவிட்டால் மனம் வலிக்காது. விமானத்தில் நீளமான பையை இழுக்கும் தொல்லையும் இல்லை. முதல் பயணத்துக்கு அவர்களுடையதையே எடுங்கள்.

எடுக்கும்போது ‘நல்லதா ஒன்று கொடுங்கள்’ என்று நிற்காமல் மூன்று விஷயம் சொல்லுங்கள்: உங்கள் எடை, ரிசார்ட்டில் நீங்கள் எடுக்கும் நீளம், நீங்கள் வேகமாக நீண்ட திருப்பம் போடுகிறவரா நிதானமாகச் சிறு திருப்பம் போடுகிறவரா என்பது. திறமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நான் முதல் பயணத்தில் கூட்டிச் சொன்னேன். இரண்டு அடுக்கு டைட்டனல் பதித்த 190 செ.மீ. பலகை கிடைத்தது. முதல் நாள் மதியத்துக்குள் தொடை இரண்டும் மரத்துப்போய், மதியத்துக்குப் பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே 182-க்கு இறங்கினேன். அதைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

பூட் மட்டும் உங்கள் சொந்தமாகவே இருக்கட்டும். பையோடு அனுப்பாமல் விமானத்துக்குள் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தொலைந்த பலகைக்கு மாற்று எங்கும் கிடைக்கும். உங்கள் கால் வடிவத்துக்குப் பழகிய பூட்டுக்குக் கிடைக்காது.

பைண்டிங் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பூட்டின் அடிப்பாகமும், அதைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங்கும் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள். பழைய தட்டையான ஆல்பைன் அடி ஐஎஸ்ஓ 5355 தரம். நடக்க வசதியாக ரப்பர் வளைவோடு வரும் கிரிப்வாக் அடி ஐஎஸ்ஓ 23223. எல்லாப் பைண்டிங்கும் இரண்டையும் ஏற்காது. உங்கள் பூட் எந்த வகை என்று முன்பே நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

எவ்வளவு விசை பட்டால் பலகை காலைவிட்டுக் கழலும் என்பதைக் குறிக்கும் விடுவிப்பு எண்ணை வழக்கமாக ரிசார்ட்டில் வைக்கும் அளவிலேயே வையுங்கள். பவுடரில் பலகை கழன்றால் தேட வேண்டுமே என்று பயந்து எண்ணை ஏற்றுகிறவர்கள் உண்டு. பலகையைத் தேடுவது அரைமணி நேர அலுப்பு. பொருக்கில் கழலாத பலகை முழங்கால் தசைநாரைக் கிழித்தால் மாதக்கணக்கு. அதுவும் மலையின் நடுவில், ஹெலிகாப்டர் வந்து தூக்க வேண்டிய நிலையில். தேர்ந்தெடுக்கக் கடினமான விஷயமே இல்லை.

ஊசிமுனை வகை டூரிங் பைண்டிங் இதற்கு வேண்டாம். அது ஏறுவதற்காகச் செய்தது. கழன்ற பலகையை நிறுத்தும் பிரேக்கின் அகலம் பலகையின் இடுப்பைவிட 15 மி.மீ.க்கு மேல் கூடாமல் இருக்கட்டும். கூடினால் பலகையைச் சாய்க்கும்போது பனியில் இழுபடும்.

சொந்தப் பலகையில் பைண்டிங் பொருத்துகிறவர்கள் தயாரிப்பாளர் குறித்த கோட்டிலோ, ஒரு செ.மீ. பின்னாலோ வைக்கலாம். பின்னால் போனால் நுனி எழும்பும், திரும்புவது கொஞ்சம் மந்தமாகும். அதற்கு மேல் விளையாட வேண்டாம்.

விளிம்பைக் கூர் தீட்ட வேண்டுமா? பவுடருக்கு மொட்டையாகவே இருக்கலாம் என்கிறார்களே.

பூட்டுக்குக் கீழும் அதன் இருபுறமும் கூராகவே இருக்கட்டும். விளிம்பைத் தீட்டும் கோணம் அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டில் 2 டிகிரி என்பது வழக்கமான அளவு. நுனியிலும் வாலிலும் பனியைத் தொடாமல் எழும்பியிருக்கும் பகுதியை ரப்பர்க் கல்லால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பொருக்கில் சிக்காமல் இருக்க இந்த ஐந்து நிமிட வேலை நூறு மடங்கு பலன் தரும்.

மெழுகை அன்றைய வெப்பநிலைக்கு ஏற்பப் போட வேண்டும். கடுங்குளிருக்கான கடின மெழுகோடு வசந்தகால ஈரப்பனியில் போனால் பலகை ஒட்டிக்கொண்டு முகம்குப்புறத் தள்ளும். ஈரப்பனிக்கு அடித்தளத்தில் சற்று ஆழமான கோடுகளும் வேண்டும். நீர்ப்படலம் உடைந்து வழிய அவையே வழி. நிறுவனத்தில் தினமும் மாலையில் மெழுகு போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போடுகிறார்கள்.

நல்ல பலகை இருந்தால் பொருக்கில் விழாமல் இருக்கலாமா?

விழுவீர்கள். இரண்டு பலகைக்கும் சமமாக எடை கொடுப்பது, கால்களை ஒன்றையொன்று நெருங்கவைப்பது, திருப்பத்தைத் திடுக்கென்று தொடங்காமல் மெல்ல வளைப்பது, இவை எந்தப் பலகையைவிடவும் உதவும். ரிசார்ட்டில் வெளிக்காலில் மட்டும் எடை வைத்துப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். பயணத்துக்கு முன் இயந்திரம் ஓட்டாத ஓரங்களில் நாலைந்து நாள் பழகிக்கொள்ளுங்கள். முடியாத இடத்தில் பக்கவாட்டில் சறுக்கி இறங்குங்கள். யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ஹெலிகாப்டர் பக்கத்தில் பலகையை எப்படிக் கையாள வேண்டும்?

தோளில் சாய்த்து எடுத்துப் போகவே கூடாது. மேலே சுழலிறக்கை ஓடுகிறது. இரண்டு பலகையையும் பட்டையால் சேர்த்துக் கட்டி, கிடைமட்டமாக உங்கள் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பெரும்பாலும் கைடே வாங்கி வெளியே உள்ள கூடையில் வைப்பார். விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும். வாலிறக்கை இருக்கும் பக்கம் தப்பித் தவறிக்கூடப் போகக் கூடாது. உச்சியில் இறங்கியதும் குழுவாக நெருங்கி மண்டியிட்டு, கையுறை, தொப்பி, பலகை எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் கிளம்பும் காற்றில் பறந்த கையுறை திரும்பி வராது.

பனிச்சரிவில் சிக்கினால் இழுத்து விரிக்கும் காற்றுப்பை உள்ள முதுகுப்பை வைத்திருந்தால் உள்ளே ஏறுமுன் அதன் இழுப்புப்பிடியை மடக்கி மூடிவிடுங்கள். ஹெலிகாப்டருக்குள் அது விரிந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்சீவர் காலையில் உடையோடு கட்டியதிலிருந்து மாலைவரை இயக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆழ்பனியில் விழுந்து ஒரு பலகை காணாமல் போனால்?

கீழ்நோக்கித் தேடாதீர்கள், எல்லாரும் செய்யும் தவறு அது. பலகை கழன்ற இடத்திலேயே பிரேக் விரிந்து பனிக்குள் நின்றுவிடும். உருண்டு கீழே வந்தது நீங்கள். விழத் தொடங்கிய தடத்துக்கு ஏறிப்போய், கழன்ற இடத்தை ஒட்டி, மற்றப் பலகையின் வாலைக் கத்திபோல் பிடித்து, சரிவுக்குக் குறுக்காகக் கோடு கோடாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக்’ என்று படும். உங்களுக்குப் பின்னால் வந்தவர் இன்னும் மேலே நின்றால் அவரை அங்கேயே நிறுத்தித் தேடச் சொல்வது இன்னும் எளிது. ஆழ்பனி நாட்களில் பைண்டிங்கில் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பளிச்சென்ற நாடாவைக் கட்டி, கால்சட்டையின் கீழ்மடிப்புக்குள் செருகிவைப்பார்கள். பலகை கழன்றதும் அது உருவிக்கொண்டு பனிமேல் கிடக்கும். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அல்ல இது. பனிச்சரிவில் பலகை காலை விட்டு விலகியே ஆக வேண்டும். நிறுவனத்தில் கேட்டால் நாடா கொடுப்பார்கள். மரங்களுக்கிடையே போகும் நாளில் கட்டாதீர்கள், கிளையில் மாட்டும்.